தம்பியின் நண்பர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் தம்பி இறந்து ஒரு மாதமாகிறது. வயது 23. டூஷேன் தசைச்சிதைவு நோய். நாலு வயதில் படியேறத் திணறினான். பதினொரு வயதில் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டான். கடைசி மூன்று வருடம் இரவில் மூச்சுக்கு மெஷின். ராத்திரி நாலைந்து தடவை அவனைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். நானும் அம்மாவும் முறை வைத்துக்கொண்டு எழுந்திருப்போம்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். “போய்ச் சேந்துட்டான், உடு கண்ணு. அவனுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.” கல்யாணமாகாத பையன் என்று மூன்றாம் நாளே காரியத்தை முடித்துவிட்டார்கள். படத்திறப்பு வேண்டாம் என்றார்கள். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர்கள் சொன்ன ‘குழந்தை’யை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவன் ஃபேன் வேகத்துக்காக அம்மாவிடம் கத்துவான். செஸ்ஸில் தோற்றால் இரண்டு மணி நேரம் யாருடனும் பேசமாட்டான். என் கணவர் பெண் பார்க்க வந்த அன்றே, “இவர் பரவாயில்ல, சரின்னு சொல்லு” என்று முடிவு செய்தவன்.

அவனுடைய போன் என்னிடம் இருக்கிறது. இணையத்தில் செஸ் ஆடுவான். அதில் பழக்கமானவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். “ரொம்ப நாளா காணோமே, உடம்பு சரியில்லையா?” என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவன் நடக்க முடியாதவன் என்று அந்தக் குழுவில் யாருக்கும் தெரியாது. அவன் சொல்லவில்லை. “அப்படியே விட்டுடு, அவங்களுக்குத் தெரியவே வேண்டாம்” என்கிறாள் அம்மா. நான் என்ன செய்யட்டும்? அவனை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

(பெயரும் ஊரும் வேண்டாமென்று கேட்டுக்கொண்டதால் வெளியிடவில்லை)

அன்புள்ள தங்கைக்கு,

தம்பியின் கோபத்தையும் பிடிவாதத்தையும் நீங்கள் மறைக்காமல் எழுதியிருப்பதில் எனக்கு மிகுந்த நிறைவு. உடல் இயலாத ஒருவர் இறந்தால் அவரை உடனே சாமியாக்கிவிடுகிறோம். ‘குழந்தை மாதிரி’, ‘ஒரு பாவமும் அறியாதவன்’ என்கிறோம். 23 வயது இளைஞனைக் குழந்தை என்று சொல்லும்போது, அவனுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது, கருத்து இருந்தது, ஆசையும் வீம்பும் இருந்தன என்பதெல்லாம் அழிந்துபோகிறது. மூன்றாம் நாளே காரியத்தை முடித்தவர்களின் மனதில் இருந்ததும் இதுதான். தொடங்காத வாழ்க்கைக்குப் பெரிய சடங்கு எதற்கு என்று நினைத்திருக்கிறார்கள். அவன் வாழ்க்கை தொடங்கியிருந்தது, நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. உங்கள் கல்யாணத்தையே அவன்தானே முடிவு செய்திருக்கிறான்!

நார்வேயின் ஆஸ்லோ நகரில் வாழ்ந்த மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞனைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1989இல் பிறந்தவன். உங்கள் தம்பிக்கு இருந்த அதே நோய். நான்கு வயதில் தெரிந்தது. தசை நார்களைக் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உடலில் உருவாகாததால் முதலில் கால், பிறகு கை, கடைசியில் மூச்சுத்தசையும் இதயமும் பலமிழக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாட்ஸ் தன் கடைசி ஆண்டுகளைப் பெற்றோர் வீட்டின் கீழ்த்தளத்தில், கணினித் திரைக்கு முன்னால் கழித்தான். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்று ஒரு இணைய விளையாட்டு. உலகெங்கும் உள்ளவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி ஒரு கற்பனை நாட்டில் ஒன்றாக அலைவார்கள், பேசுவார்கள், சண்டையிடுவார்கள். வாழ்வின் கடைசிப் பத்தாண்டில் அவன் அதில் பதினைந்தாயிரம் மணி நேரத்துக்கும் மேல் செலவழித்தான் என்கிறார்கள்.

ராத்திரியும் பகலும் விளையாட்டாகவே போகிறதே என்று பெற்றோருக்குக் கவலை. ராபர்ட், ட்ரூடா என்பது அவர்கள் பெயர். அன்பான, படித்த பெற்றோர். மகனுக்காகச் செய்யாதது எதுவுமில்லை. அவர்களுடைய பெரிய துயரம் நோய்கூட அல்ல. தங்கள் பிள்ளைக்கு நட்பென்றோ காதலென்றோ எதுவும் கிடைக்கவில்லை, யாருடைய வாழ்க்கையிலும் அவனால் ஒரு சின்ன மாற்றம்கூட நிகழவில்லை என்பதுதான். அப்படித்தான் அவர்கள் நம்பியிருந்தார்கள்.

2014 நவம்பர் 18 அன்று மாட்ஸ் இறந்தான். வயது 25. அவன் எழுதிவந்த வலைப்பதிவின் பாஸ்வேர்டு தந்தையிடம் இருந்தது. மகன் இறந்துவிட்டான் என்று அதில் எழுதி, பேச விரும்புகிறவர்களுக்காகத் தன் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்தார். யாராவது ஒருவர் இருவர் எழுதக்கூடும் என்று நினைத்திருப்பார். கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. எழுதியவர்களில் பலர் அந்த விளையாட்டில் ‘ஸ்டார்லைட்’ என்ற குழுவைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு அவன் மாட்ஸ் அல்ல, இபெலின். அகன்ற தோளும் ஓயாத ஓட்டமுமாக இருந்த ஒரு துப்பறியும் பிரபு. தினமும் விளையாட்டுக்குள் நுழைந்ததும் வேறெதுவும் செய்யாமல் கொஞ்ச நேரம் அந்தக் கற்பனைக் காடுகளில் ஓடிவிட்டுத்தான் ஆட்களைப் பார்க்கப் போவானாம். இதைப் படித்தபோது எனக்கு மேற்கொண்டு படிக்க முடியாமல் போயிற்று. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

நெதர்லாந்தில் ஒரு பெண். மதிப்பெண் குறைந்துவிட்டது என்று வீட்டில் அவள் கணினியைப் பிடுங்கிக்கொண்டார்கள். மகளுக்கு இந்த நட்பு எவ்வளவு முக்கியம் என்று விளக்கி, முகம் தெரியாத அந்தப் பெற்றோருக்கு மாட்ஸ் கடிதம் எழுதினான். டென்மார்க்கில் ஒரு தாய். ஆட்டிசம் உள்ள மகன் அவளிடமிருந்து விலகிப் போய்க்கொண்டிருந்தான். நீங்களும் அவனோடு விளையாட்டுக்குள் வாருங்கள், அங்கே அவனோடு பழகுங்கள் என்று மாட்ஸ் சொன்னான். அவள் போனாள். மகன் முதலில் திரைக்குள் அவளை அணைத்துக்கொண்டான். இருவரும் நெருங்கியது அங்கிருந்துதான். தன் கையால் ஒரு தம்ளரைத் தூக்க முடியாத நிலையில் இருந்தவன் செய்த காரியங்கள் இவை. இரக்கத்தால் யாரும் அவனைச் சூழ்ந்திருக்கவில்லை, ஏனென்றால் பல ஆண்டுகள் அவனுடைய உடல்நிலையே அவர்களுக்குத் தெரியாது. குரல் அழைப்பில் வரமாட்டான். நேரில் சந்திக்கலாம் என்றால் நழுவிவிடுவான்.

அவன் உத்தமனும் அல்ல. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பெண்களிடம் குழைந்து பேசுவான். உடல் மோசமானபோது நண்பர்களிடம் எரிந்து விழுந்திருக்கிறான், பிறகு மன்னிப்புக் கேட்டிருக்கிறான். அவனைப் பற்றி 2024இல் வெளிவந்த ஆவணப்படம் இதையும் மறைக்கவில்லை. அந்தக் குழு சேமித்துவைத்திருந்த உரையாடல்கள் மட்டும் 42,000 பக்கங்கள். அவற்றை வைத்தே அவன் வாழ்க்கையை அதில் திரும்ப அமைத்தார்கள். அவனுடைய தவறுகளைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவன் எனக்கு நெருக்கமானான்.

இறுதிச் சடங்குக்கு ஆஸ்லோவுக்கு வந்தவர்களில் நெதர்லாந்து, டென்மார்க், பின்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளைச் சேர்ந்த நண்பர்கள் இருந்தார்கள். நார்வேயைச் சேர்ந்த குழு நண்பர் ஒருவர் சவப்பெட்டியின் அருகே நின்று பேசினார். அவனை அதுவரை அவர்களில் ஒருவரும் நேரில் பார்த்ததில்லை. பெற்றோர் தங்கள் மகனைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தது அந்தக் கடிதங்களிலும் அந்த நாளிலும்தான்.

அதனால், அந்தக் குழுவுக்கு நீங்கள் சொல்லத்தான் வேண்டும். உறவினர்கள் மூன்று நாளில் முடித்துவிட்டதை அங்கே ஒருவர் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். உண்மையில் அவர் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் துக்கக்காரர். அவரை உள்ளே அழைக்காமல் இருப்பது சரியில்லை.

ஆனால் அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மாட்ஸ் 2013இல் தன் நோயைப் பற்றித் தானே வலைப்பதிவில் எழுதினான். அந்த முடிவு அவனுடையது. உங்கள் தம்பி கடைசிவரை சொல்லாமல் இருந்தான், அதுவும் அவன் எடுத்த முடிவுதான். செஸ் பலகையின் முன்னால் அவன் வெறும் ஆட்டக்காரனாக இருக்க விரும்பினான். இறப்பைச் சொல்லுங்கள். நோயைப் பற்றி நீங்களாக விரித்துச் சொல்ல வேண்டாம். எப்படி இறந்தான் என்று யாரேனும் கேட்டால், நீண்ட நாளாகத் தசை நோய் இருந்தது, எங்களுக்குத் தெரியும், உங்களிடம் அவன் அதைப் பேச விரும்பவில்லை என்று சொல்லுங்கள். பொய்யும் வேண்டாம், நோயாளியின் சோகக் கதையும் வேண்டாம்.

இன்னொன்று. போன் கையில் இருக்கிறது என்பதற்காகப் பழைய உரையாடல்களை மேலே தள்ளிப் படித்துக்கொண்டே போகாதீர்கள். குளிப்பாட்ட, உடுத்த, கழிப்பறைக்குக் கொண்டுபோக என்று எல்லாவற்றுக்கும் அடுத்தவர் கை தேவைப்பட்ட ஒருவனுக்குத் தனக்கே தனக்கென்று இருந்த ஒரே அறை அந்தப் போன். ஆவணப்படத்தைப் பார்க்கும்போது சில இடங்களில் எனக்குச் சங்கடமாக இருந்தது இதனால்தான். ராபர்ட்டின் முறை எனக்கு மிகவும் சரியென்று படுகிறது. செய்தியைச் சொன்னார், முகவரி கொடுத்தார், அவர்களாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்.

அம்மாவின் தலையாட்டலைப் பற்றி. தயவுசெய்து அவர் மேல் கோபப்படாதீர்கள். இத்தனை வருடம் ராத்திரி முழுக்க ஒரே மூச்சில் தூங்கியறியாத உடல் அது. இப்போது படுத்தால் தூக்கம் வந்துவிடுகிறது என்பதே அவருக்குக் குற்றமாகத் தோன்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வந்து ‘உனக்கும் நிம்மதி’ என்றால், மறுக்கவும் முடியாமல் ஏற்கவும் முடியாமல் வேறென்ன செய்வார்? களைப்பு தீர்வதும் பிள்ளை போன துக்கமும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன. ராத்திரி மூன்று மணிக்குப் பழக்கத்தில் விழிப்பு வருகிறதா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். வருகிறது என்றால் அந்த நேரத்தில் நீங்களும் எழுந்து உட்காருங்கள். தம்பியைப் பற்றிப் பேச நீங்கள் இருவர்தான் அந்த வீட்டில் தகுதியானவர்கள்.

சுற்றம் ‘அம்மா வழியா வந்த நோய்’ என்று பேசியிருப்பார்கள், நீங்கள் எழுதாவிட்டாலும் யூகிக்கிறேன். குறைபாடுள்ள மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் தாய் வழியாக வரலாம் என்பது உண்மை. ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு அது புதிதாக நேர்கிற மாற்றம். தாயிடம் அது இருப்பதே இல்லை. இருந்தாலும் அதில் யாருடைய குற்றமும் இல்லை. தம்பிக்கு மரபணுப் பரிசோதனை செய்த அறிக்கை வீட்டில் இருக்கும், அதைத் தேடி எடுத்து வையுங்கள். அது இருந்தால் நீங்கள் அந்த மரபணுவைச் சுமக்கிறீர்களா என்று கண்டறிவது எளிது. குழந்தைக்கு முன்பு ஒரு மரபியல் மருத்துவரைப் பாருங்கள், கணவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அம்மாவையும் ஒருமுறை இதய மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த மரபணுவைச் சுமக்கும் பெண்களுக்கு இதயத்தசை பலவீனம் வருவதுண்டு. பிள்ளையைப் பார்த்துக்கொண்ட வருடங்களில் தன் உடம்பை அவர் பார்த்திருக்கவே மாட்டார்.

படத்திறப்பு நடத்த உங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அவன் பிறந்தநாளில் வையுங்கள். தோற்றுவிட்டு முகத்தைத் தூக்கிவைத்திருக்கும் படம் ஏதாவது இருந்தால் அதையே மாட்டுங்கள். ஸ்டார்லைட் குழுவினர் ஆண்டுதோறும் இபெலினுக்காக அந்த விளையாட்டுக்குள் கூடுகிறார்கள். உங்கள் தம்பியின் நண்பர்களும் அன்றைக்கு அவன் பெயரில் ஒரு போட்டி வைக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கும் ஏதாவது செய்யத் தோன்றிக்கொண்டுதான் இருக்கும்.

சக்கர நாற்காலியையும் மூச்சு மெஷினையும் பழைய சாமான் அறையில் போட்டுவிடாதீர்கள். பார்த்துவந்த மருத்துவரிடம் சொன்னால் தேவைப்படும் பையனின் வீட்டை அவரே காட்டுவார். மெஷினைக் கொடுப்பதற்கு முன் அவர் சொல்கிறபடி முகமூடியையும் குழாயையும் மாற்றி, அளவைச் சரிசெய்ய வேண்டும்.

குழுவுக்கு இப்படி எழுதலாம்: “நான் அவனுடைய அக்கா. தம்பி போன மாதம் இறந்துவிட்டான். நீங்கள் விசாரித்ததைப் பார்த்தேன், நன்றி. அவன் உங்களோடு எப்படி ஆடினான், என்ன பேசினான் என்று எங்களுக்கு அதிகம் தெரியாது. சொல்ல விரும்பினால் எனக்கு எழுதுங்கள். அம்மாவுக்கும் படித்துக் காட்டுவேன்.” அனுப்புவதற்கு முன்னால் அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள், கடைசி வரி அவர் சம்மதத்தோடு போகட்டும். ஆங்கிலத்தில் வருகிற பதில்களைத் தமிழில் அவருக்குச் சொல்லுங்கள். ஏதாவது ஒன்றிலாவது அவன் வீம்பைப் பற்றி யாராவது எழுதியிருப்பார்கள், அதை விட்டுவிடாமல் படியுங்கள்.

அன்புடன்.