ஏவிஆர்டியூட்: கையேட்டிலிருந்து எந்த ஆப்ஷன்களை நீக்கலாம்?

வணக்கம் நண்பரே. ஏவிஆர் சிப்பில் புரோகிராம் ஏற்றும் ஏவிஆர்டியூட் மென்பொருளுக்கான உங்கள் கையேட்டில் எந்தப் பழைய ஆப்ஷன்களை நீக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். 'சேஃப்மோடு இப்போது இல்லை' என்று திரையில் வருவதால் போர்டு போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். வேலை முடிந்ததும் ஃபியூஸ் (சிப்பின் அடிப்படை அமைப்புகள்) மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த அந்த சேஃப்மோடு வசதியையே 2022-இல் வந்த 7.0 பதிப்பில் தூக்கிவிட்டார்கள். ஆகவே உங்கள் கையேட்டிலுள்ள அதற்கான சின்ன யூ (-u), சின்ன எஸ் (-s) ஆப்ஷன்கள் இரண்டையும் தாராளமாக நீக்கலாம். சிப்பை எத்தனை தடவை அழித்தோம் என்று எண்ணிய ஒய்யும் (-y) காலாவதிதான். அந்த எண்ணிக்கை சிப்பின் ஈப்ராம் நினைவகத்தில் பதிவானதால் 'ஈப்ராமின் கடைசி நான்கு பைட்டைத் தொடாதீர்கள்' என்று எங்காவது எழுதியிருந்தால் அதையும் அடித்துவிடுங்கள்.

மொத்தமாகத் தேடி நீக்கும்போதுதான் கவனம் வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்த்துத் தேடச் சொல்லுங்கள். ஹெக்ஸ் ஃபைலை, அதாவது உங்கள் புரோகிராமை, சிப்பின் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுவது பெரிய யூ (-U). அதுவும் சேர்ந்து போனால் கட்டளை ஓடும், சிப்பின் அடையாள எண்ணான சிக்னேச்சரைப் படிக்கும், 'நன்றி' என்றுகூடச் சொல்லும். சிப்பில் ஒரு பைட்டும் ஏறியிருக்காது.