வக்கீல் நோட்டீஸுக்கு முன்னால் ஓர் அட்டவணை

கேள்வி: தொட்டி நிரம்பியதும் தானாக மூடிக்கொள்ளும் வால்வு ஒன்றுக்குத் தனி ஆளாகக் காப்புரிமை வாங்கியிருக்கிறேன். இப்போது ஒரு பெரிய நிறுவனம் அதே மாதிரி வால்வை விற்கிறது. உடனே வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். நோட்டீஸ் கையில் கிடைத்ததும் அவர்கள் செய்யும் முதல் வேலை, உங்கள் காப்புரிமையையே ரத்து செய்ய வழி தேடுவது. பழைய காப்புரிமைகளையும் ஆய்விதழ்களையும் தோண்டி, இது புதிதே அல்ல என்பார்கள். அமெரிக்காவில் காப்புரிமை அலுவலகத்திலேயே அப்படிக் கேட்பதற்கு 2012 முதல் தனி நடைமுறை இருக்கிறது.

உங்கள் ஆவணத்தில் வழக்கைத் தீர்மானிக்கும் பகுதி, எண் போட்டு வரும் கிளைம்கள்தான், அதாவது எதை உங்கள் கண்டுபிடிப்பு என்று உரிமை கோருகிறீர்கள் எனச் சொல்லும் வாசகங்கள். படம் அச்சு அசலாக ஒத்துப்போனாலும் அது மட்டும் போதாது. ஒரு தாளை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் முதல் கிளைமைச் சொல் சொல்லாக உடைத்து எழுதுங்கள்: உடற்பகுதி, மிதவை, மிதவையோடு இணைந்த ஸ்பிரிங், வெளியேறும் துளை. வலப்பக்கம், அவர்கள் வால்வில் அது எங்கே இருக்கிறது என்று புகைப்படத்தோடு காட்டுங்கள். ஸ்பிரிங் இருக்கவேண்டிய இடத்தில் ரப்பர் சவ்வு இருந்தால், நான்கில் மூன்று பொருந்தியும் கிளைமின் சொற்படி மீறல் ஆகாது. சவ்வும் அதே வேலையை அதே விதத்தில் செய்து அதே பலனைத் தருகிறது என்று வாதாட இடமுண்டு. ஆனால் விண்ணப்பத்தின்போது காப்புரிமை அலுவலக ஆய்வாளரின் ஆட்சேபத்துக்காக நீங்களே 'ஸ்பிரிங்' என்று சேர்த்துக் கிளைமைச் சுருக்கியிருந்தால், அமெரிக்க நீதிமன்றங்களில் அந்த வாதம் பெரும்பாலும் எடுபடாது. அப்போது அலுவலகத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதையும் எடுத்துப் படியுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்.

புதுப்பிப்புக் கட்டணம் பாக்கி இல்லையா, பழைய வேலை ஒப்பந்தப்படி கண்டுபிடிப்பு முதலாளிக்குச் சேருமா என்பதையும் பாருங்கள். விண்ணப்பிக்கும் முன்பே வால்வை வெளியில் காட்டினீர்களா? அமெரிக்காவில், காட்டிய பிறகும் விண்ணப்பிக்க ஓராண்டு சலுகை உண்டு. ஐரோப்பியக் காப்புரிமையில் பொதுவாக அது கிடையாது.

காலத்தை எண்ணிப் பார்த்து இறங்குங்கள். விட்டுவிட்டு இயங்கும் கார் வைப்பரைக் கண்டுபிடித்த ராபர்ட் கியர்ன்ஸ் 1978-இல் ஃபோர்டு மீது வழக்குப் போட்டார். 1990-இல்தான் சுமார் ஒரு கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. கிரைஸ்லரை எதிர்த்துத் தானே வாதாடி வென்றார். அத்தனை உறுதியான மனிதரின் மற்ற வழக்குகள், ஆவணங்களைக் கெடுவுக்குள் தாக்கல் செய்யாததால் தள்ளுபடியாயின. தனி ஆளை வீழ்த்துவது பெரும்பாலும் கெடுதேதிகளே. அதற்காகவாவது காப்புரிமை வழக்கறிஞர் வேண்டும். அமெரிக்காவில் வழக்குப் போட்ட நாளிலிருந்து பின்னோக்கி 6 ஆண்டுகளுக்குத்தான் இழப்பீடு கிடைக்கும் என்பதால், ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது.

அட்டவணை தொடங்கும் முன்பே ஒன்று செய்யுங்கள்: அந்த வால்வில் இரண்டை ரசீதோடு வாங்குங்கள். ஒன்றை அறுத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். மற்றொன்றைப் பெட்டி பிரிக்காமல் பத்திரப்படுத்துங்கள். நோட்டீஸ் போன பிறகு அவர்கள் வடிவமைப்பை மாற்றிவிட்டால், பழைய வால்வு கடையில் கிடைக்காது.