கல்யாண கேசட்டை டிவிடி ஆக்க கம்ப்யூட்டர் எதற்கு?

கேள்வி: 1992-ல் நடந்த எங்கள் கல்யாணம் மூன்று மணி நேர விஎச்எஸ் கேசட்டில் இருக்கிறது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. டிவிடியில் ஏற்ற வழி உண்டா?

உண்டு. ஓடுகிற ஒரு விசிஆரும் ஒரு டிவிடி ரெக்கார்டரும் போதும். ரெக்கார்டர் என்றுதான் சொன்னேன். வெறும் பிளேயரில் பதிவு ஆகாது. புதிதாகக் கிடைப்பது அரிது என்பதால் செகண்ட் ஹேண்டில் தேடுங்கள்.

விசிஆரின் 'அவுட்'டிலிருந்து ரெக்கார்டரின் 'இன்'னுக்கு மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களை மாட்டுங்கள். விசிஆரில் ஆடியோவுக்கு ஒரே ஓட்டை இருந்தால் அது மோனோ; வெள்ளை வயர் மட்டும் போதும். ரெக்கார்டரை டிவியோடு இணைத்து, ரிமோட்டில் இன்புட்டை மாற்றி, படம் தெரிந்த பிறகு ரெக்கார்டு அழுத்துங்கள்.

4.7 ஜிபி டிஸ்கில் எஸ்பி (சாதாரணப் பதிவு) முறையில் 2 மணி நேரம் கொள்ளும், எல்பியில் (தரம் குறைத்து நீட்டிய பதிவு) 4 மணி நேரம். ஒரே டிஸ்கில் அடக்கும் ஆசையில் எல்பிக்குப் போகாதீர்கள். பூ வைத்த தலைகள் கூட்டமாக அசைகிற காட்சிகளில் படம் கட்டம் கட்டமாக உடையும். வரவேற்பு ஒரு டிஸ்க், முகூர்த்தம் ஒரு டிஸ்க் என்று பிரித்துவிடுங்கள். மூன்று மணி நேர கேசட் ஏற மூன்று மணி நேரம் ஆகும். இதில் குறுக்கு வழி இல்லை. இதய வடிவத்துக்குள் மாப்பிள்ளை முகம் சுழல்கிற கிராஃபிக்ஸையெல்லாம் உட்கார்ந்து பார்த்துத்தான் ஆக வேண்டும்!

கேள்வி: பதிவு செய்த டிஸ்க் எங்கள் ரெக்கார்டரில் ஓடுகிறது. மகள் வீட்டு பிளேயரில் போட்டால் 'நோ டிஸ்க்' என்கிறது.

'ஃபைனலைஸ்' (மற்ற பிளேயர்களிலும் ஓடும்படி பதிவை முடித்துவைப்பது) செய்யாமல் எடுத்திருப்பீர்கள். எனக்கு வரும் புகார்களில் பாதி இதுதான். பதிவு செய்த அதே ரெக்கார்டரில் டிஸ்கைப் போட்டு, செட்டப் மெனுவில் ஃபைனலைஸ் கொடுங்கள். சில நிமிடங்கள் ஆகும். நடுவில் கரண்ட் போனால் டிஸ்க் வீணாகலாம். மின்தடை அறிவித்த நாளில் இந்த வேலை வேண்டாம்.

கேள்வி: கேசட் ஜன்னல் வழியாகப் பார்த்தால் டேப் சுருளில் வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா?

கூடாது. அது பூஞ்சை. விசிஆருக்குள் போனால் ஹெட்டை (டேப்பைப் படிக்கும் பாகம்) அடைத்து, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். டேப் அறுந்துவிடவும் வாய்ப்புண்டு. அந்தக் கேசட்டைத் தனியாக ஒரு பையில் கட்டி வைத்து, டேப் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வீட்டில் ஈரத்துணியால் துடைக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

பூஞ்சை இல்லாத பழைய கேசட்டையும் எடுத்த எடுப்பில் ஓட விடாதீர்கள். ஒருமுறை கடைசி வரை ஃபார்வர்டு செய்து, திரும்ப ரீவைண்ட் செய்தால் ஒட்டிக் கிடந்த டேப் இளகும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து அண்ணன் அனுப்பிய கேசட் எங்கள் விசிஆரில் கறுப்பு வெள்ளையில் உருண்டுகொண்டே ஓடுகிறது. கேசட் கெட்டுவிட்டதா?

கேசட்டில் குறை இருக்காது. அங்கே வீடியோ முறை என்டிஎஸ்சி (NTSC), இங்கே பால் (PAL). அது விநாடிக்கு ஏறக்குறைய 30 படம், இது 25. இரண்டு முறையையும் ஓட்டும் மல்டி சிஸ்டம் விசிஆர் வேண்டும். ரெக்கார்டரின் செட்டப்பிலும் என்டிஎஸ்சிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹேண்டிகேமின் குட்டி கேசட்டை விசிஆரில் போட அடாப்டர் எங்கே கிடைக்கும்?

விஎச்எஸ்-சி என்று எழுதியிருந்தால் மட்டுமே அடாப்டர் உண்டு. வீடியோ 8, ஹை 8 டேப்பின் அகலம் 8 மி.மீ.; விஎச்எஸ் 12.7 மி.மீ. இவற்றுக்கு அடாப்டர் என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். ஹேண்டிகேமையே பிளேயராக வைத்து, அதன் ஏவி வயரை ரெக்கார்டரில் மாட்டுங்கள். மினி டிவி (MiniDV) கேசட் என்றால், ரெக்கார்டரின் முன்பக்கத்தில் 'டிவி இன்' (DV IN) இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வழியில் படம் இன்னும் தெளிவாக ஏறும்.

கேள்வி: டிவிடி ஆக்கிய பிறகு கேசட்டைத் தூக்கிப் போடலாமா?

வேண்டாம். எழுதும் டிஸ்க்கும் ஒருநாள் கெடும். இரண்டு பிரதி போட்டு, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். கேசட்டை நிமிர்த்தி, ஈரம் படாத அலமாரியில் வைத்தால் போதும்.