டிபிஎஃப் அடைப்பு: ஓட்டுகிறவர் தவறா, வடிவமைத்தவர் தவறா?

டீசல் வண்டியில் டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) அடைத்துக்கொண்டால் "நீங்கள் ஓட்டுகிற விதம் சரியில்லை" என்கிறார்களே, தயாரித்த நிறுவனத்துக்குப் பொறுப்பே கிடையாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மெல்பர்னில் டீசல் வண்டி ஓட்டுகிறேன். டிபிஎஃப் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் சர்வீஸில் முதலில் சொல்வது, "ஹைவேயில் அரை மணி நேரம் விரட்டுங்கள்." அதில் நியாயம் உண்டு. வடிகட்டியில் சேர்ந்த கரி எரிய ஏறத்தாழ 600 டிகிரி சூடு வேண்டும். பக்கத்துக் கடைக்குப் போய் வந்தால் அது வராது. கரி எரியும்போது பாதியில் வண்டியை நிறுத்திக்கொண்டே இருந்தால், அதற்கென்று கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் சில வண்டிகளில் ஆயிலோடு கலந்துவிடும். என் வண்டியில் டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது, டீசல் வாடையோடு.

ஆனால் டொயோட்டா விவகாரம் இதற்கு நேர்மாறு. 2015 அக்டோபரிலிருந்து 2020 ஏப்ரல் வரை ஆஸ்திரேலியாவில் விற்ற ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல் வண்டிகள், இரண்டரை லட்சத்துக்கும் மேல். அவற்றில் தொல்லை வந்ததே 100 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து ஓட்டும்போதுதான்! வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் வினையூக்கியில் படிவு கட்டி, டீசல் சரியாக எரியாமல் வெள்ளைப் புகையாகப் பின்னால் கொட்டியது. இங்கே ஊர்விட்டு ஊர் போவதென்றாலே 100 தானே. அதைத் தாங்காத வண்டியை விற்றுவிட்டு யாரைக் குறை சொல்வது?

வாங்கியவர்கள் தொடுத்த வழக்கில், 2022 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம் இது வடிவமைப்பிலேயே உள்ள குறை என்றது. புகை வராத வண்டிகளிலும் அந்தக் குறை இருக்கிறது, ஆகவே விற்ற அன்றே அவற்றின் மதிப்பு 17.5 சதவீதம் குறைவு என்றும் கணக்கிட்டது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் அது 10 சதவீதமானது. அப்புறம் நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை போய் இழுத்தார்கள். சண்டை பெரும்பாலும் தொகையைப் பற்றித்தான்.

குறையுள்ள வண்டிக்கு ஈடு கேட்க இங்கே நுகர்வோர் சட்டம் தரும் உரிமை, நிறுவனம் தரும் வாரண்டிக்குத் தனி. அதனால் "வாரண்டி முடிந்துவிட்டது" என்றதும் திரும்பி வந்துவிடாதீர்கள். ஸ்கேனரில் தெரியும் கரி அளவு, கடைசியாக எப்போது எரிந்தது, இடையில் எத்தனை முறை நின்றுபோனது எல்லாவற்றுக்கும், சர்வீஸில் அந்தப் பதிவை அழிப்பதற்கு முன்னால் பிரிண்ட் கேளுங்கள். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டி என்றால் ஜாப் கார்டிலும் அதை எழுதச் சொல்லுங்கள்.