அரசு முத்திரை இருந்தால் அது 1948 இல்லை

இஸ்ரேலின் பழைய சுதந்திர தினப் போஸ்டர்களைச் சேர்ப்பவர்களிடமிருந்து வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த வாரம் இடம் ஒதுக்கியிருக்கிறேன். பணம் இழந்தவர்கள் இருப்பதால் இதைத் தள்ளிப்போட மனமில்லை.

கேள்வி: மட்டாஞ்சேரியில் ஒரு கடையில் 18,000 ரூபாய்க்கு ஒரு போஸ்டர் வாங்கினேன். 1948 மே மாதம் அச்சானது, கொச்சியிலிருந்து இஸ்ரேல் போன ஒரு யூதக் குடும்பத்தின் வீட்டில் கிடைத்தது என்றார் கடைக்காரர். பில்லிலும் 1948 என்றே எழுதித் தந்தார். நடுவில் ஏழு கிளை விளக்கு, இரு பக்கமும் ஒலிவக் கிளைகள், அடியில் எபிரேய எழுத்து. உண்மைதானா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: 1948 இல்லை. நீங்கள் சொல்லும் விளக்கும் ஒலிவக் கிளைகளும் இஸ்ரேலின் அரசு முத்திரை. கேப்ரியல் ஷமீர், மாக்சிம் ஷமீர் என்ற சகோதரர்கள் வரைந்தது. அது ஏற்கப்பட்டது 1949 பிப்ரவரியில்தான். நாடு பிரகடனமானது 1948 மே 14, வெள்ளிக்கிழமை. முதல் ஆண்டு நிறைவே 1949-இல்தான் வந்தது. 1948 மே மாதத்தில் அச்சான தாளில் இந்த முத்திரை எப்படி வரும்?

ஆனால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பிற்பாடு வந்த உண்மையான போஸ்டராகவும் இருக்கலாம். ஆண்டு நிறைவுப் போஸ்டர்களில் 1948 என்ற எண்ணும் வரக்கூடும், விற்பவர் அதைப் பிடித்துக்கொள்வார். போஸ்டரில் எபிரேய நாட்காட்டியின் ஆண்டைப் பாருங்கள், அதை எபிரேய எழுத்துகளில் எழுதுவார்கள். அந்த எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு: தாவ் 400, ஷின் 300, ஹெத் 8. கூட்டினால் 708. ஆயிரத்தைப் பெரும்பாலும் எழுதமாட்டார்கள், 5,000 சேர்த்தால் 5708. அதில் 3760 கழித்தால் 1948. சுதந்திர தினம் எப்போதும் வசந்த காலத்தில் வருவதால் இந்தக் கணக்கு மாறாது. ஹெத்துக்குப் பதில் தெத் இருந்தால் 1949. தாவ், ஷின், யோத், ஹெத் என்று நான்கு எழுத்து இருந்தால் பத்தாம் ஆண்டு, 1958.

பில்லில் 1948 என்று எழுதியிருப்பது உங்கள் நல்ல நேரம். முதலில் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழையுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கொச்சிக்கு அலைய வேண்டாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பொய்த் தேதி எழுதி விற்றவர் பதில் சொல்லட்டும்.

கேள்வி: இணையத்தில் 'விண்டேஜ் ஸ்டைல்' என்று போட்டிருந்த பத்தாம் ஆண்டுப் போஸ்டர் வாங்கினேன். தாள் புத்தம் புதிதாக இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: இல்லை. 'ஸ்டைல்' என்று அவர்கள் எழுதியதை நீங்கள் படிக்கவில்லை.

கேள்வி: அசலா, மறு அச்சா என்று வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா? (வாசகி, லண்டன்)

பதில்: 2011-இல் நான் இருபதாம் ஆண்டுப் போஸ்டர், அதாவது 1968, என்று ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். ஒரே ஒரு படம் பார்த்துத்தான் எடுத்தேன். கைக்கு வந்ததும் பத்து மடங்கு லென்ஸை வைத்தால் நீலம் முழுக்கத் தெளித்துவிட்ட மாதிரி நுண்புள்ளிகள். கணினியில் பிரிண்ட் எடுத்த தாள். பணம் திரும்பவே இல்லை.

அப்போதைய போஸ்டர்களில் பல, தட்டையான வண்ணங்களில் வரைந்தவை. அசலில் அந்த இடத்தை லென்ஸில் பார்த்தால் ஒரே மை, ஒரே பரப்பு. அதை ஸ்கேன் செய்து ஆப்செட்டில் அடித்தால் நாலு வண்ணப் புள்ளிகள் பூப்போலச் சேர்ந்து தெரியும். புகைப்படம் சேர்ந்த போஸ்டரில் மட்டும் அசலிலும் புள்ளி இருக்கும், அதில் குழம்ப வேண்டாம். அந்த ஏலத்துக்குப் பிறகு நான் மூன்று படம் கேட்காமல் காசு அனுப்புவதில்லை: கீழ் ஓரம், பின்பக்கம், லென்ஸ் வழியாக எடுத்த ஒரு வண்ணப் பகுதி. அனுப்ப மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: 1950-களின் சுதந்திர தினப் போஸ்டர் ஒன்று கைவசம் இருக்கிறது. ஃப்ரேம் கடைக்காரர் ஓரத்தை இரண்டு சென்டிமீட்டர் வெட்டினால் ரெடிமேட் சட்டத்தில் அடங்கும், லேமினேஷனும் போட்டுத் தருகிறேன் என்கிறார். சரிதானே? (வாசகர், சென்னை)

பதில்: தயவுசெய்து வேண்டாம். இந்த விஷயத்தில் எனக்குப் பல வருட வருத்தம். வரைந்தவரின் கையெழுத்து, அச்சகத்தின் பெயர், வெளியிட்ட துறையின் பெயர் எல்லாம் பெரும்பாலும் அந்தக் கீழ் ஓரத்தில்தான் பொடி எழுத்தில் இருக்கும். இந்தத் தாள்களைப் பத்திரப்படுத்தவேண்டும் என்று யாரும் அச்சடிக்கவில்லை. சுவரில் ஒட்டினார்கள், மழையில் நனைந்தது, மறுநாள் மேலேயே வேறு ஒன்றை ஒட்டினார்கள். அதையும் மீறி எழுபது வருடம் பிழைத்து வந்த ஒன்றை, ரெடிமேட் சட்டத்தின் அளவுக்காக வெட்டுகிறோம். வெட்டிய பிறகு அது யார் வரைந்தது, எங்கே அச்சானது என்று நிரூபிக்க வழியில்லை. விலை சரிவது ஒரு பக்கம், ஒரு ஓவியரின் பெயரே அந்தத் தாளிலிருந்து போய்விடுகிறது. என்னிடம் அப்படி ஓரம் போன போஸ்டர் ஒன்று இருக்கிறது, வரைந்தவர் யாரென்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

லேமினேஷன் இன்னும் மோசம். ஒட்டியதைப் பிரித்தால் மையும் கூட வரும். சட்டத்தைத் தாளின் அளவுக்குச் செய்யச் சொல்லுங்கள். அமிலமில்லாத அட்டை, கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே சின்ன இடைவெளி, வெயில் படாத சுவர். செல்லோடேப் பக்கமே போகக் கூடாது. சென்னை ஈரத்துக்கு ராமபாணப் பூச்சி வரும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சட்டத்தின் பின்புறத்தைப் பாருங்கள்.

கேள்வி: 'விசிட் பாலஸ்தீன்' என்ற போஸ்டரை முதல் சுதந்திர தினப் போஸ்டர் என்று 25,000 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: வேண்டாம். அது சுதந்திர தினப் போஸ்டரே அல்ல. ஆஸ்திரியாவில் பிறந்து அங்கே குடியேறிய ஓவியர் ஃபிரான்ஸ் கிராவுஸ் 1936-இல் சுற்றுலாவுக்காக வரைந்தது, நாடு பிறப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பு. 1995-இல் இஸ்ரேலிய வடிவமைப்பாளர் டேவிட் டார்டகோவர் மறுபடி அச்சிட்டார். அதன் பிறகு எங்கும் பரவி, பாலஸ்தீனர்களின் அடையாளமாகவும் ஆகிவிட்டது. கடைகளில் தொங்குவது பெரும்பாலும் பின்னாளைய அச்சு.

கேள்வி: 40,000 ரூபாய் பேபாலில் அனுப்பி ஏழு மாதம் ஆகிறது. போஸ்டர் வரவில்லை. விற்றவர் 'வரும், வரும்' என்கிறார். இன்னும் காத்திருக்கலாமா? (வாசகர், துபாய்)

பதில்: அங்கே புகார் செய்ய 180 நாள்தான் அவகாசம். அது போய்விட்டது. முப்பதாவது நாளிலேயே புகார் செய்திருக்க வேண்டும், இத்தனை பெரிய தொகைக்கு ஏன் இத்தனை அலட்சியம்? பேபாலுக்குக் கார்டு வழியாகப் பணம் போயிருந்தால், அதைத் திரும்பப் பெற முடியுமா என்று இன்றே கார்டு கொடுத்த வங்கியைக் கேளுங்கள்.

கேள்வி: டெல் அவிவில் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். அவருடைய எண்பதாவது பிறந்த நாளுக்காக, அவர் சிறுமியாக இருந்தபோது வந்த சுதந்திர தினப் போஸ்டரை இங்குள்ள ஒரு இணையக் கடையில் 900 ஷேக்கலுக்கு வாங்கினேன். அசல் என்றார்கள். வந்தது நகல். ஐந்து நாள் ஆகிறது. நான் வெளிநாட்டுக்காரி, என் பேச்சு எடுபடுமா? (வாசகி, யாழ்ப்பாணத்தவர்)

பதில்: எடுபடும் அம்மா. உங்கள் சம்பளத்தில் 900 ஷேக்கல் எவ்வளவு பெரியது என்று தெரியும். இஸ்ரேலின் 1981 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இணையத்தில் வாங்கிய பொருளைப் பெற்ற 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். மனம் மாறி ரத்து செய்தால் 5 சதவீதமோ 100 ஷேக்கலோ, எது குறைவோ அதைப் பிடிக்கலாம். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் அதையும் பிடிக்க முடியாது. நீங்கள் வெளிநாட்டவர் என்பது இதற்குத் தடையில்லை. அவர்களுடைய விளம்பரப் பக்கத்தை இப்போதே படம் எடுத்து வையுங்கள், போஸ்டரைச் சட்டம் போடாமல் அப்படியே வையுங்கள், ரத்துக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். எபிரேயத்தில் எழுத அந்தப் பாட்டியின் பிள்ளைகள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, ஆனால் இன்றே அனுப்பிவிடுங்கள்.