ஃபாக்ஸ்பி2 மனிதனுக்கு மட்டும் உள்ள மொழி மரபணுவா?

ஃபாக்ஸ்பி2 (FOXP2) மனிதனுக்கு மட்டும் உள்ள மொழி மரபணு என்று உங்கள் செமினார் ஸ்லைடில் இருக்கிறது. அதில் மாற்ற வேண்டியது "மனிதனுக்கு மட்டும்" என்ற சொற்களைத்தான். ஃபாக்ஸ்பி2 எலி, பறவை எல்லாவற்றிலும் உண்டு. இந்த மரபணு உருவாக்கும் புரதத்தில் சிம்பன்சிக்கும் நமக்கும் இரண்டே அமினோ அமில (புரதத்தின் கட்டுமான அலகு) வித்தியாசம். நம்மிடம் உள்ள அந்த இரண்டு மாற்றங்களும் அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தாலிடமும் இருந்தது 2007-இல் தெரிந்துவிட்டது.

குழப்பம் பெரும்பாலும் 2001 கண்டுபிடிப்பிலிருந்து வருகிறது. லண்டனில் ஒரு குடும்பத்தில் இந்த மரபணு பழுதானவர்களுக்கு வாயசைவுகளைக் கோத்துப் பேசுவது கடினமாக இருந்தது. பழுதானால் பேச்சு தடுமாறுகிறது என்பதால், மொழியை உண்டாக்கியதே அதுதான் என்று ஆகிவிடாது. மற்ற மரபணுக்களின் செயல்பாட்டைக் கட்டுப்படுத்தும் புரதத்தை உருவாக்குவதே அதன் வேலை. வரிக்குருவிக் குஞ்சின் மூளையில் அதைக் குறைத்தால், தந்தையின் பாட்டைச் சரியாகப் பிரதி எடுக்க முடிவதில்லை. கேட்டுக் கற்பதற்கும் இந்த மரபணுவுக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. ஸ்லைடில் இதைக் கட்டாயம் சேருங்கள்.

சரிபார்க்க: யூனிப்ராட் (UniProt) என்ற புரதத் தரவுத்தளத்தில் மனிதன், சிம்பன்சி இரண்டின் ஃபாக்ஸ்பி2 அமினோ அமில வரிசைகளை எடுத்து அலைன் செய்யுங்கள், அதாவது பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். 303-ஆம் இடத்தில் நமக்கு அஸ்பராஜின், சிம்பன்சிக்குத் திரியோனின். 325-இல் நமக்குச் செரின், அதற்கு அஸ்பராஜின். எண் பொருந்தாவிட்டால் வேறு ஐசோஃபார்மை (அதே மரபணுவின் வேறு புரத வடிவத்தை) எடுத்திருப்பீர்கள். மனிதனுக்கு 715 அமினோ அமிலம் உள்ளதே வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: இந்த மரபணுவின் மனித வடிவம் "அண்மையில் இயற்கைத் தேர்வால் வேகமாகப் பரவியது" என்ற 2002 முடிவை அப்படியே போடாதீர்கள். பல இன மக்களின் மரபணுத் தொகுதிகளை வைத்து 2018-இல் மறுபடி பார்த்தபோது அதற்கான தடயம் கிடைக்கவில்லை.