அவருக்குக் கண்டிப்பு, எனக்குத் திமிரா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

காரைக்குடிக்குப் பக்கத்தில், பழைய செட்டிநாட்டு வீட்டை மாற்றிக் கட்டிய விடுதி ஒன்றில் வேலை பார்க்கிறேன். 22 அறைகள், 30 ஊழியர்கள். வரவேற்பில் சேர்ந்து, கணக்குக்கு வந்து, போன ஆடியில் மேனேஜர் ஆனேன். வயது 37.

எனக்கு முன்னால் இருந்த மேனேஜர் வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், நின்று கத்துவார். "கண்டிப்பான மனுஷன்" என்பார்கள். நான் குரலை உயர்த்துவதே இல்லை. ஆனாலும் "பதவி வந்ததும் திமிரு வந்துருச்சு" என்கிறார்கள்.

கோளாறு அடுப்படியில் தொடங்கியது. மளிகைச் செலவு ஏறிக்கொண்டே போனதால், சாமான் அறையில் தராசு வைத்து, சீட்டு எழுதித்தான் எடுக்க வேண்டும் என்றேன். இருபது வருடமாகச் சமைக்கும் தவசுப்பிள்ளை அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. எதுவானாலும் சென்னையில் இருக்கும் முதலாளிக்கே போன் போடுகிறார். முதலாளி என்னிடம், "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்கிறார். என்னோடு உட்கார்ந்து சாப்பிட்ட அறை சுத்தம் செய்யும் பெண்களும், நான் வந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். பொங்கலுக்கு யாருக்கு லீவு என்பதிலும் ஒரே மனஸ்தாபம்.

முதலாளி அடுத்த ஊரில் இன்னொரு வீட்டையும் விடுதியாக்குகிறார். இரண்டையும் நான் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கேற்ற சம்பளம் வேண்டும் என்று மனதில் ஆசை இருக்கிறது. கேட்டால் "இவளுக்கு ஆசையைப் பாரு" என்பார்களோ? பழையபடி எல்லோருக்கும் பிடித்த அக்காவாகவே இருந்துவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு சிக்கல்கள் பின்னிக் கிடக்கின்றன. பெண் அதிகாரத்தில் உட்கார்ந்தால் வரும் கசப்பு ஒன்று. தராசு அடுப்படிக்குள் வந்த விதம் இன்னொன்று. முதலாவதை நீங்கள் ஒருவராக மாற்றிவிட முடியாது. இரண்டாவது உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் கசப்பு. நியூயார்க் பல்கலைக்கழக உளவியலாளர் மேடலின் ஹைல்மனும் குழுவினரும் 2004-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விமானப் பாகங்கள் விற்கும் நிறுவனம் ஒன்றின் விற்பனை அதிகாரியைப் பற்றிய குறிப்பைச் சிலருக்கு ஆண் பெயரோடும் சிலருக்குப் பெண் பெயரோடும் படிக்கக் கொடுத்தார்கள். வேலையில் ஜெயித்தவர் என்று குறிப்பு தெளிவாகச் சொன்னபோது, இருவரின் திறமையும் சமம் என்றே மதிப்பிட்டார்கள். ஆனால் அந்தப் பெண்ணை மட்டும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஜெயித்தாரா என்பது தெளிவாக இல்லாதபோது பெண்ணையும் பிடித்திருந்தது, ஆனால் திறமை குறைவு என்று சொன்னார்கள். உங்கள் கடைசிக் கேள்விக்கு இதிலேயே விடை இருக்கிறது. பழைய அக்காவாகத் திரும்பிப் போனால் பிடிக்கும். "மேனேஜர் வேலைக்கு லாயக்கில்லை" என்ற பேச்சும் கூடவே வரும். திரும்ப வேண்டாம்.

செட்டிநாட்டுக்குக் கண்டிப்பான பெண் புதியவள் இல்லை. ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில் வீட்டு வரவு செலவைக் கட்டி ஆண்டவர்கள் ஆச்சிமார்கள்தான். அவர்களுடைய கணக்குக் கறாரை இன்றும் பெருமையாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் அந்தக் கறாருக்கு வயது, உறவு, சொத்து மூன்றும் துணை நின்றன. உங்களுக்குத் துணை பதவி ஒன்றுதான். அதனால் அந்தப் பதவி எழுத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் தொல்லையில் பாதி அடுப்படியில் இல்லை, முதலாளியின் போனில் இருக்கிறது என்பது என் கணிப்பு. உங்களைத் தாண்டி ஒருவர் பேச, மேலே இருப்பவர் அதைக் கேட்டுக்கொண்டால், மேனேஜர் என்ற பெயர் வெறும் பலகைதான். அவரிடம் மூன்று விஷயங்கள் கேளுங்கள். எத்தனை ரூபாய் வரை நீங்களே கொள்முதல் செய்யலாம், லீவு யார் கொடுப்பது, தவறுக்கு எச்சரிக்கை யார் எழுதுவது என்று ஒரு பக்கக் கடிதம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது எல்லோரையும் வைத்து அதை அவரே வாசிப்பது. யார் போன் செய்தாலும், "மேனேஜர்கிட்ட சொல்லியாச்சா?" என்பதே அவருடைய முதல் கேள்வியாக இருப்பது. "அனுசரிச்சுப் போம்மா" என்றால், "எந்த இடத்தில் அனுசரிக்கணும்னு சொல்லுங்க சார், குறிச்சுக்கறேன்" என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது. இருந்தால் அது உங்களுக்கு உபயோகமான பதில்.

இனி தவசுப்பிள்ளை. இருபது வருடம் கையளவில் சமைத்தவருக்கு முன்னால் திடீரென்று தராசு வைத்தால், "நீ திருடுகிறாய்" என்றுதான் அவர் காதில் விழும். அலுவலக அறைக்கு அவரைக் கூப்பிட வேண்டாம். மதியப் பந்தி முடிந்து, பாத்திரம் ஏறிய பிறகு, நீங்களே அடுப்படிக் கட்டுக்குப் போய் உட்காருங்கள். நாலு வாக்கியம் போதும்: "அண்ணே, தராசு உங்க மேல சந்தேகத்துல வைக்கலை. சரக்கு கொண்டுவர்றவன் எடை குறைச்சாலும் நமக்குத் தெரியாம இருந்துச்சு. பத்து பேருக்கு எவ்வளவுன்னு உங்க அளவைச் சொல்லுங்க, அதையே கணக்கா எழுதறேன். நீங்க பார்த்து ஒத்துக்காத சரக்கு இனி உள்ள வராது." பேசிவிட்டு எழுந்து வாருங்கள், அன்றே பதிலை எதிர்பார்க்காதீர்கள்.

சரக்கைத் திருப்பி அனுப்பும் உரிமையை அவர் கையில் கொடுப்பதுதான் இதில் முக்கியம். அதோடு சீட்டிலேயே ஒரு கோளாறு இருக்கலாம், பாருங்கள். இறாலுக்குத் தலையும் ஓடும் போனால் ஏறக்குறைய பாதிதான் தேறும். மீனுக்கும் கோழிக்கும் கழிவு உண்டு. வாங்கிய எடையையும் சட்டிக்குப் போன எடையையும் அப்படியே ஒப்பிட்டால் நேர்மையான சமையல்காரரும் கள்ளனாகத் தெரிவார். வாங்கிய எடை, சுத்தம் செய்த எடை என்று சீட்டில் இரண்டு கட்டம் போடுங்கள். இன்னொன்று: சீட்டு அடுப்படிக்கு மட்டும் என்றால் அது அவமானம். சோப்பு, துண்டு, டீசல், உங்கள் மேசையில் இருக்கும் சில்லறைக் காசு எல்லாவற்றுக்கும் சீட்டு என்றால் அது விடுதியின் வழக்கம்.

கூட உட்கார்ந்து சாப்பிட்ட பெண்கள் விலகுவது வலிக்கும். கொஞ்சம் விலகத்தான் செய்வார்கள். அவர்கள் லீவையும் சம்பளத்தையும் தொடும் ஆள் எதிரே இருக்கும்போது பழைய பேச்சு வராது. பந்தியில் வாரம் ஒரு நாள் உட்காருங்கள், சாப்பிட்டதும் எழுந்துவிடுங்கள். உண்மையான சண்டை லீவில்தான். உங்கள் ஊரில் பொங்கலும், அதை ஒட்டி வரும் நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கலும் விருந்தினர் குவியும் சீசனிலேயே வருகின்றன. நட்புக்காக ஒருத்திக்கு லீவு கொடுத்தால் மற்றவர்களுக்குக் கோபம். கொடுக்காவிட்டால் அவளுக்குக் கோபம். டிசம்பர் முதல் வாரத்திலேயே பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். போன பொங்கலுக்கு வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பொங்கலில் முதல் உரிமை. ஒருவருக்கொருவர் நாள் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும், முடிந்தால் பொங்கலன்று வேலையில்.

தவறைத் திருத்தும்போது தனியாகக் கூப்பிடுங்கள். கண்ணால் பார்த்தது, அதனால் வரும் நஷ்டம், எப்போது சரியாக வேண்டும், இந்த மூன்றுக்கு மேல் வேண்டாம். "7-ம் நம்பர் அறையில ஆசிட் ஊத்தித் துடைச்சிருக்கு. ஆத்தங்குடிக் கல் சிமெண்டு, ஆசிட் பட்டா பூ வெளுத்துப் போகும். நாளையிலேர்ந்து வெறும் தண்ணி, அப்புறம் தேங்காயெண்ணெய்த் துணி." இதில் "எப்பப் பார்த்தாலும்", "எத்தனை தடவை" என்ற சொற்கள் நுழைந்தால் பேச்சு தரையை விட்டு ஆளின் மேல் ஏறிவிடும். பாராட்டு மட்டும் நாலு பேர் முன்னால் இருக்கட்டும், அதுவும் பேர் சொல்லி, செய்த வேலையைச் சொல்லி.

சிரித்த முகம் வைப்பது, எல்லோருக்கும் காபி சொல்வது, பிறந்தநாள் கேக் வாங்குவது, இவற்றில் சக்தியை விடாதீர்கள். அமெரிக்காவில் ஆன் ஹாப்கின்ஸ் என்பவர், பங்குதாரர் பதவி வேண்டுமானால் இன்னும் பெண்மையாக நட, உடுத்து, நகை போடு என்று அறிவுரை வாங்கினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1989-ல் இத்தகைய எதிர்பார்ப்பும் பாலினப் பாகுபாடே என்ற தீர்ப்பு வந்தது. ஆனால் அக்கறை வேறு. ஹைல்மன் 2007-ல் ஒகிமோட்டோவோடு செய்த ஆய்வில், அதேபோல் வெற்றிபெற்ற பெண் தன் கீழ் வேலை செய்பவர்கள்மேல் அக்கறை உள்ளவர் என்று தெரிந்ததும் வெறுப்பு குறைந்தது. உங்கள் அக்கறை காரியத்தில் தெரியட்டும்: சம்பளம் தேதியில் போடுவது, இரவு வேலை முடியும் பெண்ணுக்கு வண்டி ஏற்பாடு செய்வது.

இரண்டாவது விடுதியைக் கேளுங்கள். சம்பளம் கேட்கும் பெண்மேல் முகச்சுளிப்பு வருவதை ஹன்னா ரைலி பௌல்ஸ், லிண்டா பாப்காக் ஆகியோரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்பதை நிறுவன நன்மையோடு சேர்த்துச் சொல்லும்போது அது குறைகிறது. ஆண் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டியதில்லை. அநியாயம்தான், ஆனாலும் கருவி வேலை செய்கிறது. மூன்று எண்களோடு போங்கள்: தராசுக்கு முன்னும் பின்னும் விருந்தினர் ஒருவருக்கு ஆன மளிகைச் செலவு, நிரம்பிய அறைகள், வேலையை விட்டுப் போனவர்கள். "புது இடத்துக்கும் இதே கொள்முதல் முறை வந்தா செலவு அடங்கும். ரெண்டையும் நான் பார்க்கறேன். சம்பளம் இவ்வளவு எதிர்பார்க்கறேன்." தொகையைச் சொன்னதும் நிறுத்துங்கள். பலர் அங்கே மௌனத்துக்குப் பயந்து, தாங்களே தொகையைக் குறைத்துவிடுகிறார்கள்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதலாளியையும் உங்களையும் சேர்த்துக் கொச்சையாகப் பேச்சு கிளம்பினால், அதைத் திமிர்ப் பேச்சோடு சேர்த்து விழுங்க வேண்டாம். வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் இரண்டு வாரம் போனால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

வரிசை மாற வேண்டாம். முதலாளியின் கடிதம் முதலில். அது கையில் இல்லாமல் தவசுப்பிள்ளையிடம் பேசினால் அவர் அன்றைக்கே சென்னைக்குப் போன் போடுவார். அவரோடு பேசி ஒரு மாதம் சீட்டு ஒழுங்காக ஓடட்டும். சம்பளப் பேச்சு பொங்கல் சீசன் கணக்கு முடிந்த பிறகு, புது விடுதிக்கு வேறு ஆளை முதலாளி மனதில் வைப்பதற்கு முன்னால்.